எத்தனாவது வரை படித்த அம்மா?

மும்பையில், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் சயான் மருத்துவமனையைத் தாண்டித் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு இடத்திலும் தமிழ் பேசுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், படிக்காத பிள்ளையைத் திட்டுகிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் கொள்ளுத்தாத்தாவே பட்டதாரி. இன்னொரு வீட்டில் பத்தாவது தேறப்போகும் முதல் ஆள், இந்த மார்ச்சில் பரீட்சை எழுதவிருக்கும் பெண். கிழக்கே செம்பூரில் நடுத்தரத்தார்: டிராம்பேயின் உரத் தொழிற்சாலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேலைக்கு வந்து, பிள்ளைகளைப் பொறியாளராக்கியவர்கள். மொழி ஒன்று, ஊர் ஒன்று, பெற்றோரின் படிப்பு மட்டும் வேறு. பெற்றோர் படிப்புக்கும் பிள்ளையின் உணர்வு நுண்ணறிவுக்கும் என்ன உறவு என்று கேட்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று தோன்றும். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

உணர்வு நுண்ணறிவு என்ற பெயருக்கு ஒன்றும் பெரிய வயதில்லை. பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் ஒரு கட்டுரையில் அதற்கு வரையறை தந்தார்கள். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கண்டுகொள்வது, பிரித்தறிவது, அந்த அறிவை வைத்துச் சிந்திப்பது, நடப்பது. 1995-இல் டேனியல் கோல்மன் புத்தகம் எழுதியதும் இது அலுவலகப் பயிற்சி வகுப்பு வரை போய்விட்டது. நம் ஊர் எம்.எட். ஆய்வேடுகளிலும் இது பிரியமான தலைப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வினாத்தாள் கொடுப்பார்கள். முதல் பக்கத்திலேயே 'தந்தையின் கல்வித் தகுதி', 'தாயின் கல்வித் தகுதி' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கடைசியில் ஓர் அட்டவணை வரும்: பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் சற்று மேலே, மற்றவர்கள் சற்றுக் கீழே. சில ஆய்வுகளில் அந்தச் சற்றும் இருக்காது.

அட்டவணையை நம்புவதற்கு முன் அளந்த கோலைப் பார்க்க வேண்டும். கோல்கள் இரண்டு வகை. ஒன்று, பிள்ளையையே கேட்பது: 'பிறர் மனநிலையை என்னால் எளிதில் புரிந்துகொள்ள முடியும், ஆம், ஓரளவு, இல்லை.' இன்னொன்று, சோதித்துப் பார்ப்பது: ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, இவர் எந்த அளவு வருத்தத்தில் இருக்கிறார் என்று கேட்பது. இரண்டுக்கும் ஒரே பெயர், அளப்பது ஒன்றல்ல. கரோலின் மெக்கான் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2020-இல், 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் தொகுத்து, உணர்வு நுண்ணறிவுக்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். திறனைச் சோதித்த தேர்வுகளில் தொடர்பின் அளவு 0.24. தன்னைப் பற்றித் தானே சொன்ன வினாத்தாள்களில் 0.12. சரிபாதி.

நம் ஊர் ஆய்வுகள் பெரும்பாலும் தன்னைப் பற்றித் தானே சொல்லும் வினாத்தாளை நம்பியவை. தன்னைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டுப் பழகிய வீட்டுப் பிள்ளை 'ஆம்' கட்டத்தில் தயங்காமல் டிக் போடும். தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதே வாய்க்கொழுப்பு என்று வளர்ந்த பிள்ளை 'ஓரளவு' என்று போட்டுவிட்டு நகரும். படிப்பின் பலன் என்று அட்டவணையில் தெரிவதில் எவ்வளவு இந்த டிக்கின் பலன் என்று யாராவது கழித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சத்தான் செய்கிறது. அது எதன் வழியாகப் போகிறது? பட்டச் சான்றிதழ் பீரோவில் இருப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பேச்சின் வழியாகப் போகிறது என்பதற்குத்தான் சான்று அதிகம். ஜூடி டன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் வீடுகளுக்குப் போய், மூன்று வயதுப் பிள்ளைகளோடு அம்மாவும் அண்ணன் அக்காவும் பேசுவதைக் கேட்டுப் பதிவு செய்தார். யாருக்குக் கோபம், யாருக்கு அழுகை, ஏன் என்று எத்தனை முறை பேச்சு வருகிறது? அந்தப் பேச்சு அதிகம் இருந்த வீட்டுப் பிள்ளைகள், ஆறு வயதில், முன்பின் தெரியாத ஆட்களின் உணர்ச்சியைக் கணிப்பதில் முந்தினார்கள். 1991-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிள்ளையின் மொழித்திறனையும், வீட்டில் நடக்கும் மொத்தப் பேச்சின் அளவையும் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு கலையவில்லை. வளவளவென்று பேசும் வீடு என்பதால் மட்டும் வந்ததில்லை. உணர்ச்சியைப் பற்றிப் பேசும் வீடு என்பதால் வந்தது.

விளையாடப் போன பையன் அழுதுகொண்டு வருகிறான். ஒரு வீட்டில், "என்னடா ஆச்சு? யாரு என்ன சொன்னா? அவன் ஏன் அப்படிச் சொன்னானாம்?" இன்னொரு வீட்டில், "ஏன்ல அழுத? ஆம்பளப்புள்ள அழுவியா? போய் மூஞ்சியக் கழுவு." முதல் கேள்விகளில் ஒரு கதை கட்டும் பயிற்சி இருக்கிறது: நடந்தது என்ன, அவன் மனதில் என்ன, உன் மனதில் என்ன. இரண்டாவதில் சீக்கிரம் அடங்கும் பயிற்சி இருக்கிறது. முதல் வீடு மாட்டுங்கா, இரண்டாவது தாராவி என்று எழுதிவிடக் கை பரபரக்கும். நான் கேட்டவரை, இரண்டு பேச்சும் இரண்டு இடத்திலும் உண்டு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆச்சி பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை மொத்தத்தையும் வாங்குவாள். முதுகலைப் பட்டம் வாங்கிய அப்பா, செய்தித்தாளை இறக்காமலே "அழாதே, போய்ப் படி" என்பார். சராசரியில் வரும் வித்தியாசம் வேறு, வீட்டுக்குள் நடப்பது வேறு.

சராசரி ஏன் சாய்கிறது என்பதற்கு நான் படித்தவற்றில் நல்ல விளக்கம் ராபர்ட் லெவைன் என்ற மானிடவியலாளருடையது. அவரும் சக ஆய்வாளர்களும் மெக்சிகோ, நேபாளம், வெனிசுவேலா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் தாய்மாரின் பள்ளிப்படிப்பு என்ன செய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து, 2012-இல் நூலாக வெளியிட்டார்கள். பெண்கள் படித்த பள்ளிகள் பல மகா மட்டம். பாடத்தில் நினைவிருப்பது கொஞ்சம். ஆனாலும் சில ஆண்டுகள் படித்த பெண், படிக்காத பெண்ணைவிடக் குழந்தையோடு அதிகம் பேசுகிறாள். காரணம் வகுப்பறையின் அமைப்பு என்கிறார் லெவைன். வயதில் பெரியவர் ஒருவர் சின்னப் பிள்ளையிடம், கையில் வேலை எதுவும் இல்லாமல், வாயால் மட்டும் ஒன்றை விளக்குவது, கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது என்ற காட்சியைப் பெண் குழந்தை அந்த ஆண்டுகள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிறாள். தாயானதும் ஆசிரியை வேடம் தானாக வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாணவி வேடம் வருகிறது. டாக்டர் சொல்வதைக் கேட்டு, புரியாததைத் திருப்பிக் கேட்கிறாள்.

வகுப்பறைக்கு வெளியே நம்மூர்ப் பிள்ளை கற்றது பெரும்பாலும் பார்த்துச் செய்து கற்றது. தாராவியில் முறுக்குப் பிழியும் பெண்ணின் மகள் மாவின் பதத்தை அம்மாவின் விரலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். யாரும் உட்கார வைத்து விளக்குவதில்லை. விளக்கத் தேவையும் இல்லை. கோபத்தை அடக்குவதையும் அவள் அப்படித்தான் கற்கிறாள்: பார்த்து.

இங்கே பணத்தை உள்ளே கொண்டுவராமல் முடியாது. படித்த வீடு பெரும்பாலும் கொஞ்சம் வசதியான வீடும்கூட. சாவகாசமாகப் பேச ஒரு மூலை, ஒரு மாலை நேரம் இருக்கிற வீடு. அம்மா விடியுமுன் எழுந்து இட்லிக்கு அடுப்பு மூட்டி, அப்பா அண்டாவைத் தலையில் ஏற்றிக் கிளம்பி, ஒற்றை அறையில் அஞ்சாறு பேர் புழங்கும் வீட்டில், 'உனக்கு இப்போது என்ன தோன்றுகிறது கண்ணா' என்று எப்போது கேட்பது? படிப்பையும் பணத்தையும் தனித்தனியே பிரிப்பது கஷ்டம் என்று கைவிரிக்கும்போது, நம் கரும்பு விவசாயிகள் உதவிக்கு வருகிறார்கள். செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ ஆகியோர் தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைத் தேர்வு வைத்தார்கள். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. கை வறண்டிருந்த மாதத்தில் யோசனைத் தேர்விலும் மனக்கட்டுப்பாட்டுத் தேர்விலும் மதிப்பெண் இறங்கியது. பணம் வந்த பிறகு அதே ஆள் தேறினார். அவருடைய படிப்பு இடையில் மாறவில்லை. அந்த ஆய்வின் புள்ளிவிவரங்களை விமர்சித்தவர்களும் உண்டு. எனினும், வட்டிக்காரன் வாசலில் நிற்கும் நாளில் பிள்ளையிடம் எரிந்து விழுவதற்குப் பெயர் கல்விக் குறைவு என்று அட்டவணை சொன்னால், அதைத் திருப்பிக் கேட்கும் தைரியத்தை இந்த ஆய்வு கொடுக்கிறது.

'பெற்றோரின் படிப்பு மட்டும் வேறு' என்று மேலே எழுதியதும் அவ்வளவு எளிதில்லை. மாட்டுங்காவின் முதல் தமிழ்க் குடும்பங்கள் பலவும் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங்கும் கணக்கும் கற்று, குமாஸ்தாவாக வந்தவை. 1932-இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கப்பட்டுவிட்டது. தாராவிக்கு வந்தவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடரும் இஸ்லாமியரும். வந்த வேலை தோல் பதனிடுதல். யார் எந்த வகுப்பு வரை படித்தார் என்பது, ஊரில் யாருக்குப் பள்ளிக்கூடத் திண்ணை திறந்திருந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் விழும் டிக், படிப்பை மட்டும் சொல்லாது. சாதியைச் சொல்லும், ஒற்றை அறையைச் சொல்லும், போலீஸ்காரரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதையும் சொல்லும். புள்ளியியல் மென்பொருளுக்கு அது வெறும் 1, 2, 3, 4.

அந்தக் குரல் விஷயத்தில்தான் கதை திரும்புகிறது. உணர்வு நுண்ணறிவின் ஒரு பகுதி பிறர் முகத்தைப் படிப்பது. மைக்கேல் க்ராஸ், ஸ்டெஃபான் கோத்தே, டேக்கர் கெல்ட்னர் மூவரும் 2010-இல் ஒரு விநோத முடிவை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு முகங்களைக் காட்டி உணர்ச்சியைக் கேட்டபோது, பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் பட்டதாரிகளைவிட நன்றாகச் சொன்னார்கள். அடுத்தவர் மனநிலையில் தன் பிழைப்பு தொங்கும்போது அவர் முகத்தைக் கவனிக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். பிற்பாடு வந்த ஆய்வுகளில் சில இதை ஆமோதித்தன, பெரிய மாதிரிகளை வைத்த சில மறுத்தன. வழக்கு முடியவில்லை. என் சாய்வு க்ராஸ் பக்கம், அதற்குக் காரணம் சதவீதமில்லை, ஒரு காட்சி.

வீட்டு வேலைக்குப் போகும் தாராவி அம்மா, பள்ளி விடுமுறை நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ போகிறாள். பெண் சமையலறை ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. புறப்படும் நேரத்தில் வீட்டம்மா ஒரு பையைக் கொடுக்கிறார்: தன் மகளுக்குச் சிறிதாகிவிட்ட கவுன், ஒரு சக்கரம் கழன்ற பொம்மை ரயில். பெண்ணின் கண் ரயிலில் இருந்து சக்கரம் இல்லாத இடத்துக்குப் போகிறது. அடுத்து அம்மாவின் முகத்துக்குப் போகிறது. அடுத்து வீட்டம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறது. "தேங்க்யூ ஆன்ட்டி." எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில்.

கரோலின் சார்னி என்ற உளவியலாளர் 1980-களில் ஏறக்குறைய இதையே ஆய்வகத்தில் செய்தார். நல்ல பரிசு கிடைக்கும் என்று பிள்ளையை நம்பவைத்து, அதன் வயதுக்குப் பொருந்தாத பாப்பா பொம்மை ஒன்றைக் கொடுத்து, முகம் எப்படிப் போகிறது என்று படம் பிடித்தார். ஏமாற்றத்தை மறைத்துச் சிரிப்பது வயது ஏற ஏறத்தான் கைவந்தது. ஆக, அது ஒரு திறன். உளவியல் புத்தகத்தில் அதற்கு இடமுண்டு. நம் பெண்ணிடம் அது வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் மறுநாள் பள்ளியில் 'ஏமாற்றம் அடையும்போது நீ என்ன செய்வாய், நான்கு வரிகளில் எழுது' என்று ஆங்கிலத்தில் கேட்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனால் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைக்கு எந்த மொழியில் வினாத்தாள் கொடுத்தோம் என்பது மதிப்பெண்ணை மாற்றும். இந்தத் திறமையைப் புகழ்வதிலும் எனக்குக் கூச்சம் இருக்கிறது. எட்டு வயதில் இவ்வளவு நன்றாகச் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

அடக்கிக்கொள்வதை எந்தக் கணக்கில் வைப்பது என்பதில் மேற்கத்திய அளவுகோல் நம்மை அடிக்கடி தடுமாற வைக்கும். வைசாலி ராவல் குஜராத்தில் செய்த ஆய்வுகளில், பிள்ளை உடம்பு வலிக்காக அழுவதை அம்மாக்கள் சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள். கோபத்தையும் துக்கத்தையும் அவ்வளவு ஏற்கவில்லை. பிள்ளைகளும் வலியைக் காட்டினார்கள், மற்ற இரண்டையும் அடக்கினார்கள். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு பழகி 1990-இல் நூல் எழுதிய மார்கரெட் ட்ராவிக், தாய்ப்பாசத்தையே இங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று கவனித்தார். கண்பட்டுவிடும் என்று அம்மாவே பிள்ளையை ஆசையாக உற்றுப் பார்க்கக் கூடாது. அன்பு இருக்கிறது, வாயில் வருவதில்லை. தட்டில் வரும் இன்னொரு கரண்டிச் சோற்றில் இருக்கிறது. பேச்சை மட்டும் எண்ணும் ஆய்வாளரின் நோட்டில் அந்த வேளைக்கு எதுவும் பதிவாகாது.

இதற்காகப் பேச்சு வேண்டாம் என்று வாதிட நான் தயாரில்லை. பேச்சைக் கூட்டினால் பிள்ளைக்கு நல்லது என்பதற்குக் காரண காரியமாகவே சான்று இருக்கிறது, அதுவும் அம்மாவின் படிப்பை ஒரு வகுப்புகூட உயர்த்தாமல். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து 1980-களின் பிற்பகுதியில் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் குழுவினரும் ஒரு சோதனை தொடங்கினார்கள். பெரிய படிப்பில்லாத உள்ளூர் சுகாதாரப் பணிப்பெண்கள், குலுக்கல் முறையில் தேர்ந்த வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு போனார்கள். பழைய டப்பாவிலும் அட்டையிலும் செய்த பொம்மைகளைக் கொண்டுபோய்க் குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது, பாராட்டுவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் 17, 18 வயதை எட்டியபோது, மற்ற வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, தன்மதிப்பு அதிகம். 22 வயதில் அடிதடியில் இறங்குவது குறைவு. சம்பளம் சுமார் 25 சதவீதம் கூடுதல். இதே முறையை ஒடிசாவில், கட்டாக் நகரின் 54 குடிசைப் பகுதிகளில், 18 மாதம் செய்து பார்த்தார்கள். அங்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி முன்னேறியது.

நேர்மாறாக, அம்மாவுக்கு எழுத்து மட்டும் கற்றுக்கொடுத்தால்? மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1990-களில் பால்வாடி நடத்தத் தொடங்கிய பிரதம் அமைப்பு, பின்னாளில் பீகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தியது. அதைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தபோது தாய்மார் கொஞ்சம் கற்றிருந்தார்கள்; பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண்ணில் மிகச் சிறிய ஏற்றம். இது உணர்ச்சியை அளந்த ஆய்வில்லை. என்றாலும் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது: வயது வந்தபின் கிடைக்கும் எழுத்து, சிறுவயதில் வகுப்பறையில் உட்கார்ந்த ஆண்டுகளுக்கு ஈடாகுமா?

தாராவியில் இப்போது தாயாகிக்கொண்டிருக்கும் பெண்களில் பலர் அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள். டாட்டா சமூக அறிவியல் கழகம் செம்பூரை ஒட்டித் தேவ்னாரில் இருக்கிறது. அங்கிருந்து யாராவது ஆராய்ச்சி மாணவர் என்னிடம் தலைப்பு கேட்டால், மாட்டுங்காவையும் தாராவியையும் ஒப்பிடாதே, ஒரே வீட்டு அக்கா தங்கையை எடுத்துக்கொள் என்பேன். அக்கா ஐந்தாவதோடு நின்றவள், தங்கை பன்னிரண்டாவது முடித்தவள். சாதி ஒன்று, தெரு ஒன்று, அப்பாவின் குடியும் ஒன்று. இருவருடைய பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து, தமிழில், முகம் காட்டியும் கதை சொல்லியும் சோதித்தால், படிப்பின் பங்கு மற்ற எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சமாவது தனியே தெரியும். அப்படிப்பட்ட அக்கா தங்கைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தச் சந்திலும் இருப்பார்கள்.

ஆனால் அக்கா ஏன் ஐந்தாவதோடு நின்றாள் என்று அந்த மாணவர் கேட்காமல் இருக்க முடியாது. அம்மா வேலைக்குப் போனதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்றாள். பால் கொடுக்காத ஒரு குறை. மற்றபடி தூக்கி, குளிப்பாட்டி, சமாதானம் செய்து, தமிழ் முனிசிபல் பள்ளி வாசலில் விட்டு, அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்டு வளர்த்தது அவள்தான். ஒன்பது வயதில். அப்படி வளர்ந்த தங்கை தன் மகனிடம் "என்னல ஆச்சு, சொல்லு" என்று கேட்கும்போது, அந்தக் கேள்வி பன்னிரண்டாம் வகுப்பில் கற்றதா, அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து கற்றதா? ஆய்வேட்டின் 'தாயின் கல்வித் தகுதி' கட்டத்துக்குப் பக்கத்தில் 'தாயை வளர்த்தவர் யார்' என்று இன்னொரு கட்டம் போட வேண்டியிருக்கும்.